நாற்று மஞ்சளானதும் பசளைப் பையைத் திறக்க வேண்டாம்

நான் முதன்முதலாகக் கோலிபிளவர் நாற்றுப் போட்டபோது எல்லாவற்றையும் தாராளமாகச் செய்தேன். மேடையில் வைக்கோலை எரித்தேன். லயத்து விறகடுப்புச் சாம்பலை வாளி வாளியாகக் கொட்டினேன். கோழி எருவும் கலந்தேன். எல்லாமே மண்ணுக்கு நல்லதுதானே என்று நினைப்பு. மூன்றாவது வாரம் கீழ் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஒரு கன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பசளைக் கடையில் காட்டினேன். "சத்துக் குறைவு, எம்.ஓ.பி. போடுங்க" என்றார்கள். போட்டேன். மஞ்சள் மேல் இலைக்கும் ஏறியது. பக்கத்துக் காணிக்காரப் பெரியவர் ஒருநாள் வந்து குனிந்து பார்த்தார். பசளையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "தம்பி, சாம்பல் எவ்வளவு போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

விறகுச் சாம்பலில் நிறையப் பொட்டாசியம் இருக்கிறது. எம்.ஓ.பி. என்பது பொட்டாசியம் குளோரைட், அது தருவதும் பொட்டாசியம்தான். என் நாற்றுக்குத் தேவைப்பட்டது மக்னீசியம். மண்ணில் இருந்த கொஞ்ச மக்னீசியத்தையும் வேருக்குள் போகவிடாமல் பொட்டாசியம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நானோ அதன் கூட்டத்துக்கு இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மலைநாட்டில் புதிதாக நாற்றுப் போடுகிறவர்கள் "எந்தப் பசளை, எத்தனை கரண்டி?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எது எதைத் தடுக்கிறது என்று கேட்டால் பாதிக் காசு மிச்சமாகும். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கிய பிறகும் விலை ஏறிக் கிடந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கரண்டியைக்கூட வீணாக்குகிற நிலையில் நாம் இல்லை.

வேர் எப்படிச் சாப்பிடுகிறது

கொஞ்சம் பொறுமையாக இதை வாசியுங்கள். பின்னால் வரும் படிகள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன.

சத்து வேருக்கு வந்து சேர்வதற்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. நைட்ரேட் (நைட்ரஜனின் ஓர் உருவம்), கல்சியம், மக்னீசியம் எல்லாம் பெரும்பாலும் தண்ணீரோடு அடித்துக்கொண்டு வரும். இலை நீரை வெளியே விட விட, மண்ணிலிருந்து தண்ணீர் இழுபடும். சத்தும் கூட வரும். பொஸ்பரஸ் அப்படி வராது. அது இருந்த இடத்திலிருந்து மில்லிமீற்றர் கணக்கில்தான் நகரும். வேரும் வேர்மயிரும் அதைத் தேடிப் போக வேண்டும். ஆகவே வேர் சிறியதாக இருக்கும் நாற்றுப் பருவத்தில் முதலில் திண்டாடுவது பொஸ்பரஸுக்குத்தான்.

வேரின் தோலுக்கு வந்த பிறகு உள்ளே போக வாசல்கள் இருக்கின்றன. சில சத்துகள் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். 1952இல் எப்ஸ்டைன், ஹேகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்லி வேரை வைத்து இதைக் கணக்காகவே காட்டினார்கள்: பொட்டாசியமும் அதைப் போன்ற ருபிடியமும் ஒரே இடத்துக்கு முட்டி மோதுகின்றன. நம் தோட்டத்தில் ருபிடியத்துக்கு வேலை இல்லை. ஆனால் அமோனியம் (நைட்ரஜனின் இன்னோர் உருவம்), பொட்டாசியம், மக்னீசியம், கல்சியம் நான்கும் இதே மாதிரி ஒன்றையொன்று நெருக்குகின்றன. கவனிக்க வேண்டியது, இந்தச் சண்டை சமமான சண்டை இல்லை. அமோனியம் பொட்டாசியத்தை நன்றாகவே தடுக்கும். பொட்டாசியத்தால் அமோனியத்தை அந்த அளவுக்குத் தடுக்க முடியாது. பொட்டாசியம் மக்னீசியத்தை ஒதுக்கிவிடும். மக்னீசியத்தால் திருப்பி ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது. வரிசையில் எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படும் பிள்ளை மக்னீசியம்தான்.

கல்சியத்தின் கதை வேறு. 1944இல் வியட்ஸ் என்ற அமெரிக்கர், பார்லி வேர் இருந்த கரைசலில் கல்சியம் சேர்த்தபோது பொட்டாசியம் உள்ளே போவது கூடியதைக் கண்டார். போட்டிக்காரன் வந்தால் குறையத்தானே வேண்டும்? கல்சியம் இருந்தால்தான் வேர்க்கலத்தின் சவ்வு ஒழுங்காக நிற்கும். அது இல்லாவிட்டால் வாசல் ஒழுகும். உள்ளே எடுத்ததும் வெளியே போய்விடும். அதனால்தான் கல்சியத்தை நான் முதலில் வைக்கிறேன், யூரியாவைக் கடைசியில்.

முதல் படி: புளிப்பைப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள்

மழை அடித்து அடித்துக் கல்சியமும் மக்னீசியமும் கழுவப்பட்ட மண் நம்முடையது. அதிலும் பழைய தேயிலை நிலத்தைப் பிரித்து மரக்கறி போடுகிறவர்களுக்குப் புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.5 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பி.எச். ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட், போஞ்சி எல்லாம் 6, 6.5 பக்கம் இருந்தால்தான் சந்தோஷமாக வளரும்.

5.5க்குக் கீழே போனால் மண்ணில் உள்ள அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். அது வேர் நுனியைத்தான் முதலில் தாக்கும். நுனி தடித்து, கட்டையாகி, பழுப்பாகும், கிளைவேர் விடாது. கல்சியம் இளம் வேர் நுனி வழியாகத்தான் அதிகமாக உள்ளே போகிறது. நுனி போனால் கல்சியமும் போச்சு. அதே அலுமினியமும் இரும்பும் பொஸ்பரஸையும் இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு காரணம், ஆனால் மேலே இலையில் மூன்று நான்கு சத்துகள் குறைந்த மாதிரித் தெரியும். இதைப் பார்த்து மூன்று நான்கு பை வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது: காணியில் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தாறு இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்துங்கள். கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். அதற்குள் ஒரு மதிப்பு வேண்டுமென்றால் ஒரு பங்கு மண்ணை இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, பி.எச். தாளைத் தோயுங்கள். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான கருவிகளை நான் நம்புவதில்லை.

புளிப்பு என்று தெரிந்தால் டொலமைட். கல்சியமும் மக்னீசியமும் இரண்டும் அதில் இருப்பதால் நமக்கு வெறும் சுண்ணாம்பை விட அதுதான் பொருத்தம். சதுர மீட்டருக்கு 200 கிராம் என்பது எக்டயருக்கு 2 தொன் கணக்கு. பி.எச். 5 பக்கம் இருக்கும் மண்ணுக்கு அதை ஆரம்பமாக வைத்துக்கொண்டு, பரிசோதனை முடிவு வந்ததும் கூட்டிக் குறைக்கலாம். மண்ணோடு நன்றாகக் கொத்திக் கலந்து, விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள். நைட்ரஜன் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும், மூக்கே சொல்லும்.

நிறையப் போட்டால் நிறைய நல்லது என்றும் இல்லை. பி.எச். 7ஐத் தாண்டினால் இரும்பு, மங்கனீஸ், சிங்க், போரன் எல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த நிலத்தைத் திரும்பக் கீழே கொண்டுவருவது பெரும்பாடு.

இரண்டாம் படி: நாற்றுக் கலவை

தும்புத்தூளில் தட்டு நாற்றுப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சுத்தமாக இருக்கும், வேர் நன்றாக ஓடும், சரி. ஆனால் புதுத் தும்புத்தூளில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். போதாதற்கு, நீங்கள் கொடுக்கும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் அது தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே விடும். என் சாம்பல் கதை அப்படியே வேறு வேஷத்தில்! இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றி வடித்து அலசுங்கள். கல்சியம் நைட்ரேட் கரைசலில் ஒருநாள் ஊறவைத்து அலச முடிந்தால் இன்னும் நல்லது.

கோழி எரு மக்கியதாக இருக்க வேண்டும். பச்சை எருவிலிருந்து கிளம்பும் அமோனியா இளம் வேரைச் சுட்டுவிடும். கலவை சரியா என்று தெரிந்துகொள்ள, நம் பக்கம் ராபு என்று சொல்லும் முள்ளங்கி விதை பத்தை அதில் போட்டுப் பாருங்கள். நாலைந்து நாளில் முளைத்து, வேர் வெள்ளையாக இறங்கினால் பயமில்லை. முளைத்து நுனி கருகினால் கலவையை இன்னும் ஆறவிடுங்கள்.

மேடையில் வைக்கோலும் உமியும் எரித்துக் கிருமி நீக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் சூட்டில் செத்துப்போவது நோய்க்கிருமி மட்டும் இல்லை. அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரும் சாகும். அது திரும்பப் பெருகும் வரை அமோனியம் மேடையில் தேங்கி நிற்கும். எரித்த கையோடு எருவைக் கலந்து விதைத்தால் நாற்று அமோனியத்திலேயே மூழ்கும். பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள். சாம்பலை, முக்கியமாக, கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: நைட்ரஜன், எந்த உருவத்தில்?

வேர் நைட்ரஜனை இரண்டு உருவத்தில் எடுக்கும்: அமோனியம், நைட்ரேட். அமோனியத்தை எடுக்கும்போது வேர் தன்னைச் சுற்றிப் புளிப்பை வெளியே விடும். நைட்ரேட்டை எடுத்தால் புளிப்புக் குறையும். அதோடு நைட்ரேட் உள்ளே போகும்போது பொட்டாசியம், கல்சியம், மக்னீசியத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு போகும். அமோனியம் அவற்றை வாசலிலேயே நிறுத்தும். மரக்கறி நாற்றுக்கு எது தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். மண்ணில் விழுந்ததும் அது முதலில் அமோனியமாகி, பிறகுதான் நைட்ரேட்டாகும். சூடான நாட்டில் இந்த மாற்றம் சீக்கிரம் நடந்துவிடும். நுவரெலியாவிலோ சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். மார்கழி, தைக் குளிரிலும் தண்ணீர் தேங்கிய மேடையிலும் மாற்றம் இழுத்தடிக்கும். கீழ்நாட்டுக்காரருக்குச் சரியாக வரும் யூரியா அளவு நமக்கு ஏன் நாற்றைக் கெடுக்கிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. குளிர் மாதத்தில் நாற்றுக்கு நைட்ரஜன் தேவைப்பட்டால் கல்சியம் நைட்ரேட்டை மெல்லியதாகக் கரைத்து ஊற்றுவேன். யூரியாவை நிலத்தில் நட்டு வேர் பிடித்த பிறகுதான் தொடுவேன்.

தேயிலைத் தவறணை, அதாவது தேயிலை நாற்றுமேடை, வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை எல்லாம் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். (தவறணை என்றால் யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கடை. அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் "தவறணையில் வேலை" என்று நான் சொன்னதும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.) தேயிலை அமோனியத்தை விரும்பும். பி.எச். 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சொர்க்கம். மற்றப் பயிர்களைக் கொல்லும் அலுமினியத்தை அது எடுத்து முதிர்ந்த இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். புளிப்பில்லாத மண்ணைப் பையில் நிரப்பினால் தாய்ச்செடித் துண்டின் வெட்டு வாயில் சதை கட்டி போலத் தடிக்கும், வேர் மட்டும் விடாது. அதனால் மரக்கறி மேடை மண்ணைத் தவறணைப் பைக்குக் கொண்டுபோகாதீர்கள். தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 முதல் இந்தச் செடி ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் பரிந்துரை இருக்கும்போது என்னைக் கேட்க வேண்டாம்.

நான்காம் படி: ஊதா நிறத்தைக் கண்டு பொஸ்பரஸ் பசளை டி.எஸ்.பி. கொட்டாதீர்கள்

கோவா நாற்றின் இலை அடியும் தண்டும் ஊதாவாகிறது. எல்லோரும் "பொஸ்பரஸ் குறைவு" என்பார்கள். உண்மைதான், செடிக்குள் குறைவு. மண்ணில் குறைவா என்பது வேறு கேள்வி. மண் குளிர்ந்தால் வேர் மெதுவாக வளரும். தேடிப் போக வேண்டிய சத்துக்குத் தேடுகிற ஆள் இல்லை. நாலு நாள் வெயில் அடித்தால் ஊதா தானாகப் போய்விடும். இரவில் மேடையை மூடி, காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்கக் குளிர்ந்த மண்ணில் வேர் நிற்கும்.

வருடக்கணக்காக உருளைக்கிழங்கும் லீக்ஸும் மாற்றி மாற்றிப் போட்ட காணிகளில் பொஸ்பரஸ் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. கோழி எருவிலும் அது நிறைய. மேலும் கொட்டினால் சிங்க்கின் வாசல் அடைபடும். போஞ்சி இதற்கு ரொம்பவே நொந்துபோகும்: புது இலை சிறுத்து, வெளிறி, கணு நெருங்கிவிடும்.

லீக்ஸ் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லீக்ஸுக்கு வேர்மயிர் மிகக் குறைவு. அந்தக் குறையை மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சணம் தீர்த்து வைக்கிறது. வேரோடு ஒட்டி, நூல் நூலாகப் பரவி, தூரத்துப் பொஸ்பரஸையும் சிங்க்கையும் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடம் சீனி வாங்கிக்கொள்ளும். டி.எஸ்.பி. நிறையப் போட்டால் செடிக்கு அந்தக் கூட்டாளி தேவைப்படாமல் போய், பூஞ்சணம் வேரில் குறைந்துவிடும். மேடையை எரித்தாலும் மேல்மண்ணில் அது அழியும். பழைய லீக்ஸ் பாத்தியிலிருந்து நோய் இல்லாத மண் இரண்டு கை அள்ளிக் கலந்தால் திரும்ப வரும். கோவா, கோலிபிளவர், ராபு, பீட்ரூட் இந்தப் பூஞ்சணத்தோடு சேர்வதே இல்லை. ஆகவே லீக்ஸ் மேடைக்கும் கோவா மேடைக்கும் ஒரே அளவு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

எப்பாவல பாறைப் பொஸ்பேற்று மலிவு என்று சிலர் நாற்றுமேடைக்கு வாங்குகிறார்கள். அது புளிப்பில்தான் கரையும். தேயிலைக்குச் சரி, டொலமைட் போட்ட மேடையில் கல்லுத்தூள் மாதிரிக் கிடக்கும்.

ஐந்தாம் படி: இலையை வாசிப்பது

பழைய இலையில் கோளாறா, புது இலையிலா? முதலில் அதைப் பாருங்கள். நைட்ரஜன், பொஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால் குறை கீழே தெரியும். கல்சியம், போரன், இரும்பு எல்லாம் போன இடத்திலேயே தங்கிவிடும். குறை குருத்தில் தெரியும். சிங்க்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

கீழ் இலை முழுதும் வெளிறினால் நைட்ரஜன். ஓரம் கருகினால் பொட்டாசியம். நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்றால் மக்னீசியம். பொட்டாசியம் போடுவதை உடனே நிறுத்தி, 10 லீற்றர் தண்ணீரில் 50 கிராம் எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) கரைத்து இலையில் தெளியுங்கள். இலை வழியே போகும்போது வாசல் சண்டை இல்லை.

குருத்து இலையின் ஓரம் கருகினால் கல்சியம். இதில் நம் ஊருக்கென்று ஒரு சூட்சுமம் உண்டு. மூடுபனி நாள் கணக்கில் நின்றால் இலை நீரை விடாது. நீர் இழுபடாவிட்டால் கல்சியம் மேலே ஏறாது. மண்ணில் மூட்டை மூட்டையாக டொலமைட் இருந்தாலும் குருத்துக்குப் பட்டினி. பொலித்தீன் கூடாரத்துக்குள் இது இன்னும் மோசம். பகலில் இரண்டு பக்கமும் சுருட்டி விட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

கோலிபிளவர் இலை அகலமே இல்லாமல் நடுநரம்பு மட்டும் வால் போல நீண்டால் மொலிப்டினம் குறைவு. புளிப்பு மண்ணில் அது இரும்போடு ஒட்டிக்கொள்ளும்; டொலமைட் போட்டால் தானாக விடுபடும். தேயிலைக்கு வாங்கிய அமோனியம் சல்பேட்டைக் கோலிபிளவருக்குத் தூவுகிறவர்கள் இரட்டை அடி அடிக்கிறார்கள்: அமோனியம் புளிப்பைக் கூட்டும், சல்பேட் மொலிப்டினத்தின் வாசலில் போய் நிற்கும். போரன் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். போதும் என்பதற்கும் நஞ்சு என்பதற்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு. நாற்றுமேடையில் போரக்ஸ் கைப்படவே கூடாது.

கடைசிப் படி: யோகட் கோப்பையில் ஒரு பரீட்சை

சந்தேகம் தீரவில்லையா? இருபது யோகட் கோப்பையைக் கழுவி, அடியில் ஓட்டை போடுங்கள். எல்லாவற்றிலும் அதே மேடை மண்தான். ஐந்தை அப்படியே விடுங்கள். ஐந்தில் லீற்றர் மண்ணுக்கு 1 கிராம் டொலமைட், அதாவது தேக்கரண்டியில் கால்வாசி. ஐந்துக்கு வாரம் ஒருமுறை எப்சம் உப்புக் கரைசல், லீற்றருக்கு 5 கிராம். மிச்ச ஐந்தில் நீங்கள் வழக்கமாகப் போடும் எருவை இரண்டு மடங்காகக் கலந்துவிடுங்கள். ஒரு கோப்பையில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மூன்றாம் வாரம் இலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு வகையிலும் இரண்டு கன்றை வாளித் தண்ணீரில் அலசி வேரைப் பாருங்கள். டொலமைட் கோப்பையில் மட்டும் வேர் வெள்ளையாகக் கிளைத்து, மற்றதில் கட்டையாக இருந்தால் உங்கள் பிரச்சினை புளிப்பு. வேர் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்து, எப்சம் கோப்பை மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியம். இரட்டை எருக் கோப்பைதான் இருப்பதிலேயே மோசம் என்றால், அதற்குமேல் பை வாங்காமல் வீட்டுக்குப் போகலாம். கோப்பையில் அடையாளம் போடும்போது பசை நாடா ஒட்டிப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நம் ஊர் மூடுபனியில் இரண்டு நாளில் ஊறிப்போய், எந்தக் கோப்பை எது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.